கிராமப் பாடசாலையும் குடியானவர் காரியங்களும்

மயிலாடுதுறை ஜில்லாவில் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும், செங்கல் சுவரும் ஒழுகாத தளமும், குடிநீரும் மின்விளக்கும், சுற்றி ஓரளவு மேட்டுத்தரையும் உள்ள கட்டடம் எதுவென்று விசாரித்தால், அநேகமாகப் பாடசாலையே அதுவாக இருக்கக் காணலாம். கோயில் மண்டபத்திற்கு அதற்குரிய ஆசாரங்கள் உண்டு. மிராசுதாரர் வீட்டுத் திண்ணை அவருடைய திண்ணை. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பாதி இடத்தை உர மூட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும். பாடசாலை ஒன்றுதான் ஊரில் எவருக்கும் தனியே சொந்தமாகாமல் எல்லோருக்கும் சொந்தமாக நிற்பது. அப்படியிருந்தும் அது வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரையில் 200 வேலை நாட்களும், எட்டாம் வகுப்பு வரையில் 220 வேலை நாட்களும் குறைந்தபட்சம் நடைபெற வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே ஏறக்குறைய ஐந்து மாத காலம் அக்கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கும் நாட்களிலும் மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே ஆடுகளே வாசம் செய்கின்றன.

பொதுப் பணத்தினால் எழுந்த ஒரு கட்டடத்தை இவ்விதம் வைத்திருப்பது சிக்கனமாகுமா என்பதும், பிள்ளைகளின் படிப்புக்கு ஊறு நேராமல் அதனைக் குடியானவர்களுக்கு எவ்விதம் பயன்படுத்தலாம் என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

ஒரே கட்டடத்தில் பல தர்மங்கள் நடப்பது தஞ்சைச் சீமைக்குப் புதியதன்று. இராமேசுவரம் போகும் பாதை நெடுகிலும் தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரங்களை ஏற்படுத்தியிருந்தனர். அவற்றைக் குறித்து 1801-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதைக் கொண்டு பார்க்குமிடத்து, அச்சத்திரங்கள் அன்னசாலைகளாக மட்டும் இருக்கவில்லை என்பது புலனாகும். வழிப்போக்கர் எந்த ஜாதியாராயினும் அங்கே உணவு பெற்றனர், நோயுற்றவருக்கு வைத்தியர் இருந்தனர், குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது, அனாதைப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர்கள் கல்வி கற்பித்தனர். சத்திரத்திற்குள் பள்ளிக்கூடம் இருந்த காலம் அது. இன்று சத்திரங்கள் போய்ப் பள்ளிக்கூடங்கள் நிற்கின்றன. ஆகையால் சத்திரத்தின் மற்றக் காரியங்களும் பள்ளிக்கூடத்தின் வாயிலில் வந்து நிற்பதில் வியப்பொன்றுமில்லை.

அன்னம் முதலிலேயே வந்துவிட்டது. 1920-ல் சென்னை நகரசபை தன் பாடசாலை ஒன்றில் மத்தியான உணவு அளிக்கத் தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபொழுது 1956-ல் அது மாகாணம் முழுவதற்கும் பரவலாயிற்று. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. அக்காலை உணவை மாநிலமெங்கும் விரிவாக்கும் விழா 2023 ஆகஸ்டில் நடைபெற்ற இடம் அண்டை ஜில்லாவாகிய நாகப்பட்டினத்தைச் சேர்ந்த திருக்குவளைப் பாடசாலை. இவற்றிற்கிடையே 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் நினைவுகூர வேண்டும். அப்பொழுது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகக் கூட்டிய அம்மாநாடுகளில் குடியானவர்கள் நிலமாகவும், மரமாகவும், நாற்காலி மேசையாகவும், ரொக்கமாகவும் பாடசாலைக்கு வழங்கினர். இந்த ஜில்லாவிலும் பல பாடசாலைகளின் அடிமனை உள்ளூர் மிராசுதாரர்கள் கொடுத்ததேயாம். கொடுத்தவர் பேரன்மாருக்கு இன்று அப்பாடசாலையில் வேலையேதுமில்லை, அவர்கள் பிள்ளைகள் நகரத்து ஆங்கிலப் பள்ளிக்கு வேனில் போகின்றனர். கொடுத்த மனையின் மேல் நிற்கும் கட்டடத்தோடு அவர்களுக்கு மீண்டும் ஒரு சம்பந்தம் ஏற்படுமானால் அது பாடசாலைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் நூலக சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் ஒன்று அவருடைய முன்னிலையில் ஆரம்பமாயிற்று. அதை நிறுவியவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை அவர்கள். குடியானவன் நூலைத் தேடிப் பட்டணம் போகமாட்டான், நூல்தான் அவனுடைய ஊர் எல்லைக்கு வரவேண்டும் என்பதே அதன் கருத்து. அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஜில்லாவிலும் இதற்கொத்த யோசனை ஒன்று உருவாகியிருந்தது. அங்கே கல்வி அதிகாரியாயிருந்த ஹென்றி மாரிஸ் என்பவர், பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் மாலையில் வயது வந்தோருக்கு வாசகசாலையாகவும் தொழிற்கல்விக் கூடமாகவும் கூட்ட மண்டபமாகவும் உதவும் ‘கிராமக் கல்லூரி’களை 1924-ல் பிரேரேபித்தார். முதலாவது 1930-ல் சாஸ்டன் என்னும் ஊரில் திறக்கப்பட்டது. அதுவும் பட்டணத்தை நோக்கி ஜனங்கள் பெயர்ந்து கொண்டிருந்த விவசாயச் சீமைதான் என்பது கவனிக்கத்தக்கது.

இனி நம் ஜில்லாவின் அனுபவத்தைப் பார்ப்போம்.

2022 நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்தில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. சம்பா நாற்று நட்டுச் சில வாரங்களேயான வயல்கள் ஏரிபோல் நின்றன. கடற்கரையோரம் தாழ்ந்த நிலமாதலாலும், வடிகால் வாய்க்கால்கள் கடலை நோக்கி மெல்லவே வடிவதாலும், மழை விட்ட பிறகும் நீர் விடவில்லை. சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அளிக்கச் சர்க்கார் உத்தரவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபொழுது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் முதலிய ஆற்றிடைக் கிராமங்களின் ஜனங்கள் வீடுகளை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது. இவ்வகைக் காலங்களில் எல்லாம் கிராமத்தார் முதலில் நோக்குவது பாடசாலையைத்தான். அங்கே அடுப்பும் பெரிய பாத்திரங்களும் முன்னமே உள்ளன. அரிசி உள்ளது. சமைக்கத் தெரிந்தவரும் உள்ளனர். சத்துணவுக் கூடத்தைப் போல் நாள்தோறும் நூறு பேருக்கு உலை வைத்துப் பழகிய இடம் கிராமத்தில் வேறு கிடையாது.

ஒரிஸ்ஸாவில் 1999 அக்டோபர் இறுதியில் அடித்த பெரும்புயலில் பல்லாயிரம் ஜனங்கள் மாண்டபின், கடற்கரைக் கிராமங்களில் தூண்களின் மேல் உயர்த்திப் புயல் காப்பிடங்கள் பல கட்டப்பட்டன. அவற்றுள் பல சாதாரண நாட்களில் பள்ளிக்கூடமாக நடத்தப்படுகின்றன. இதன் காரணம் மிக எளியது. பத்து வருஷத்திற்கு ஒருமுறை திறக்கப்படும் கட்டடத்தின் கதவு வேண்டும்பொழுது திறக்காது, குழாயில் நீர் வராது, கூரையில் மரம் முளைத்திருக்கும். தினமும் புழங்கும் கட்டடமோ தினமும் பழுது பார்க்கப்படும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் கடற்கோளையும் 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலையும் கண்ட சீமைக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெள்ளம் வடிந்த மறுநாள்தான் விவசாயிக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பமாகிறது. எந்த வயல் மீளும், எது மீளாது, மறுபடியும் நடுவதற்கு நாற்று எங்கே, யாரிடம் எதை எழுதிக் கொடுப்பது என்று குடியானவர் ஒருவர் ஐந்து இடங்களுக்கு அலைகிறார். அவர்கள் யாவரும் பாடசாலையில் ஒரு பகல் ஒருங்கே உட்காருவார்களானால் இந்த அலைச்சல் இல்லை. கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஆகிய மூவர் போதும். முழுகிய பயிரில் வேர் வெண்மையாகவும் தண்டின் நடுக்குருத்து உறுதியாகவும் இருந்தால் அது பிழைக்கும் என்பதை ஒரு கைப்பிடி நாற்றைப் பிடுங்கிக் காட்டியே விளக்கிவிடலாம். சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் வளர்ச்சிப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் முழுகிக் கிடந்தும் மீண்டெழும் குணமுடையது. தாழ்ந்த வயல்களுக்கு அடுத்த சம்பாவில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கும், தன் வயல் அழுகிக் கிடக்கும் அந்த வாரத்தைக் காட்டிலும் தக்க சமயம் இல்லை. மார்ச்சு மாதத்தில் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பயிர்க் காப்பீட்டு விஷயமும் இதைச் சேர்ந்ததே. 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் குடியானவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை வீதமே. பதிவுக்குரிய கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் மத்தியில் வருகிறது, மழையும் அப்பொழுதுதான் வருகிறது. அடங்கல் நகலுக்கு ஓரிடம், வங்கிப் புத்தகத்திற்கு ஓரிடம், கணினியில் ஏற்றுவதற்கு ஓரிடம் என்று கடைசி வாரத்தில் கூட்டம் நெரிகிறது. நிலவுடைமையாளர் ஓரிடத்தும் உழுகிறவர் வேறிடத்தும் இருப்பதால், குத்தகைதாரர் பலர் பதிவே செய்யாமல் விட்டுவிடுகின்றனர். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டில் பாடசாலையில் இம்முகாமை வைத்தால், உடையவரும் உழுகிறவரும் ஒரே பலகையில் அமர்ந்து காகிதங்களை ஒழுங்கு செய்துகொள்ளலாம். இதில் மிராசுதாரர்களுக்கு ஒரு வார்த்தை: குத்தகைதாரர் பெயர் காகிதத்தில் ஏறினால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தினால் அடங்கல் விஷயத்தில் பலர் மௌனம் சாதிக்கின்றனர். மகசூல் போன வருஷத்தில் குத்தகையும் வருவதில்லை என்பதை அவர்கள் யோசித்துப் பார்ப்பது நன்று.

பள்ளி நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும் டெல்டாவில் ஒன்றோடொன்று இசைந்திருப்பது ஓர் அதிருஷ்டம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. தாளடி அறுத்து வயல் காய்ந்து கிடப்பதும் அப்பொழுதே. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், குறுவை உழவும் பள்ளித் திறப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நேர்கின்றன. மண் எடுத்துப் பரிசோதிப்பதற்கு உகந்த காலம் கோடை. கட்டடம் காலியாக இருப்பதும் கோடை. இதைவிட வேறு என்ன சௌகரியம் வேண்டும்?

மண் மாதிரி எடுப்பதில் இன்றும் தவறுகள் மலிந்திருக்கின்றன. வரப்போரத்தில் ஒரு கை மண்ணை அள்ளி வந்து கொடுப்போர் உண்டு. அதைப் பரிசோதித்தால் வரப்பின் குணம் தெரியுமேயன்றி வயலின் குணம் தெரியாது. வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மரநிழல் இவற்றை விலக்கி, ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேற்புறத்துச் சருகை நீக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு வெட்டி, அந்த வெட்டின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு, எஞ்சியதை மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ அளவு மிஞ்சும் வரையில் இவ்விதமே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட வேண்டும். பாடசாலையின் நீண்ட தாழ்வாரம் இதற்கெனவே கட்டியதுபோல் அமைந்திருக்கிறது. உரச்சாக்கில் மட்டும் மண்ணைக் கொட்டலாகாது. சாக்கில் ஒட்டியுள்ள உரம் பரிசோதனையைக் கெடுத்துவிடும்.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு குணங்கள் அளக்கப்படுகின்றன. டெல்டா நெல் வயல்களில் துத்தநாகக் குறைவு சாதாரணமாகக் காணப்படுவது. சீர்காழி, தரங்கம்பாடி கடற்கரைப் பக்கம் உவர்த்தன்மையும் சேரும. அட்டை கையில் இருந்தால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டு தமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும், ஊருக்கெல்லாம் போடுகிறார்கள் என்று தாமும் போட வேண்டுவதில்லை. இந்திய சர்க்கார் 2023-ல் கேந்திரிய வித்யாலயா, நவோதய வித்யாலயாப் பள்ளிகள் இருபதில் மாணவரைக் கொண்டே மண் பரிசோதனை நடத்தும் திட்டமொன்றை முன்மாதிரியாகத் தொடங்கிப் பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு அதை விரித்தது. ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் தகப்பனார் வயல் மண்ணைத் தானே சோதித்து அட்டையில் எழுதினால், அந்த அட்டை பரண்மேல் போகாது.

கருவியே வேண்டாத சோதனையும் உண்டு. விதை நெல்லில் கண்ணை மூடிக்கொண்டு நூறு மணியை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் ஏழெட்டு நாளில் முளைத்தவற்றை எண்ணிவிடலாம். எண்பதுக்குக் குறைந்தால் அது விதையன்று, அரிசிக்காகும் நெல். அறுத்த கையோடு சோதித்தால் சில ரகங்கள் உறக்கத்தில் இருக்குமாதலால் சில வாரம் பொறுத்துச் சோதிக்க வேண்டும். உப்புக் கரைசலில் கோழிமுட்டை மிதக்கும் பதம் பார்த்து விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளும் முறையும் பிள்ளைகளுக்கு மிகவும் உற்சாகமூட்டுவது. இதைக் கூட்டத்தில் நூறு தடவை சொன்னாலும் நம்பாத தகப்பன், மகள் சாக்கைப் பிரித்து ‘அறுபத்திரண்டுதான்’ என்று சொல்லும்பொழுது நம்பிவிடுகிறான்.

பாடசாலையில் கூடுவதனால் வரும் இன்னோர் அனுகூலம் வெளிப்படையாகச் சொல்லத்தக்கது. மிராசுதாரர் திண்ணையில் நடக்கும் விவசாயக் கூட்டம் எவ்வளவு உபசாரமாக நடந்தாலும் அவருடைய கூட்டமாகவே முடியும். நாற்று நடுகிற பெண்களும், குத்தகைக்கு நாலு மா உழுகிறவரும், சேரித் தெருவாரும் அத்திண்ணையின் கீழே எட்டி நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். இடைவெளி விட்டு நடு என்றும், களையை இன்ன நாளில் எடு என்றும் சொல்ல வேண்டுவது எவருக்கோ அவர் செவியில் அது விழுவதில்லை. தம் பிள்ளை படிக்கும் பாடசாலைக்குள் எவரும் கூசாமல் வருவர். அங்கே இருப்பது ஒரே உயரமுள்ள பெஞ்சு.

இனி, செய்யக்கூடாதவை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதே தேதியில், 2013-ல், பீகாரில் சாரண் ஜில்லாக் கிராமப் பள்ளி ஒன்றில் பூச்சிமருந்து கலந்துவிட்ட மத்தியான உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைத்ததே அதற்குக் காரணமெனக் கண்டனர். ஆகையால் வைக்கோல், காலிச் சாக்கு, கீற்று இவை ஒரு நாளேனும் பாடசாலையில் அடுக்கப்படலாகாது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும், அவற்றின் காலிப் புட்டியும்கூட, செயல்விளக்கத்துக்கென்று கொண்டுவந்தாலும் பாடசாலையின் வாயிற்படியைத் தாண்டலாகாது. விளக்கம் வயலிலேயே நடக்கட்டும். நெல் கொள்முதல் நிலையத்தையும் பாடசாலை மைதானத்தில் வைக்கும்படி சிலர் கேட்கின்றனர். லாரியும் தூசியும் எடைமேடைக் கூச்சலும் பாடம் நடக்குமிடத்தில் வேண்டா. அதற்கு மாறாக, ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைச் சனிக்கிழமைதோறும் அங்கே வைத்திருந்தால், தம் நெல் 17 சதவீதத்துக்குள் காய்ந்திருக்கிறதா என்று ஒரு கைப்பிடி கொண்டுவந்து பார்த்துக்கொண்டு, அதன்பின் வண்டி பிடிக்கலாம்.

உபாத்தியாயர்களின் தலையில் எதையும் சுமத்தலாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஜனக்கணக்கு, இடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாதென்று தடுக்கிறது. தடுப்பது நியாயமே. கட்டடத்தைத்தான் கேட்கிறோம், ஆசிரியரையன்று.

பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோவது கொள்கையினால் அன்று, சாவியினால். தலைமையாசிரியர் இப்பொழுதெல்லாம் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ குடியிருந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சாவிக்காக அவரை வரவழைப்பது முறையன்று. ஊரிலேயே உள்ள சத்துணவு அமைப்பாளரிடமோ, பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியிடமோ இரண்டாவது சாவி இருக்க வேண்டும். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டுமென்று சட்டமே சொல்வதால், கட்டடம் எவர் கைக்கும் தனியே போய்விடுமென்ற அச்சமில்லை. எந்த அறை திறக்கலாம், எந்த அறை திறக்கலாகாது என்று முன்னமே எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு தாழ்வாரமும் ஓர் அறையும் போதும். ஆய்வகமும் கணினி அறையும் பூட்டியே இருக்கட்டும். மின்கட்டணத்தில் கூடுதலாவதை ஊராட்சி ஏற்க வேண்டும். கூட்டம் முடிந்த மாலையே கூட்டிப் பெருக்கி, வெற்றிலை எச்சில் இல்லாமல் ஒப்படைப்பதும் கூட்டியவர் பொறுப்பு. திங்கட்கிழமை காலை வரும் ஆசிரியை முதலில் பார்ப்பது அழுக்குத் தரையானால், அடுத்த தடவை சாவி கிடைக்காது. அவரைக் குறை சொல்வதற்கும் இடமில்லை.

மார்ச்சு 22-ல் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராமசபையில் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தால், அவ்வருஷக் கோடையிலேயே மண் முகாமை நடத்திவிடலாம். தீர்மானத்தின் நகல் ஒன்று தலைமையாசிரியருக்கும், ஒன்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் போக வேண்டும். முகாமுக்கு வருபவர் ஒவ்வொரு வயலின் மண்ணையும் தனித்தனித் துணிப்பையில் கொணர்ந்து, தம் பெயர், கிராமம், சர்வே நம்பர், முன்னிட்ட பயிர், அடுத்து இட எண்ணியிருக்கும் பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் காகிதத்தில் எழுதி உள்ளே போட வேண்டும். மையினால் எழுதினால் மண்ணின் ஈரம் பட்டு அழிந்துவிடும்.